நதாஷாவின் தகப்பனார்

(ஆலைத் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் கூடிய மாலைக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



ஆலைச் சங்கு ஊதி, ஷிப்டு முடிந்து, முகம் கழுவக்கூட நேரமில்லாமல் வந்திருக்கிறீர்கள். களத்து மேட்டிலிருந்து நேரே வந்த விவசாயத் தோழர்கள் பின்னால் உட்கார்ந்திருக்கிறீர்கள். "எங்கள் கூலியைப் பற்றிப் பேசாமல், ஆகாயத்துக்கு ராக்கெட் விட்டவரைப் பற்றி என்ன பேச்சு?" என்று யாராவது கேட்டால் அது நியாயமான கேள்விதான். கூலியைப் பற்றிப் பேசச் சங்கக் கூட்டம் இருக்கிறது, அங்கே பேசுவோம். இன்றைக்கும் நான் ஒரு தொழிலாளியைப் பற்றித்தான் பேசப் போகிறேன். அவர் முதன்முதலில் கற்ற கைத்தொழில் என்ன தெரியுமா? வீட்டுக் கூரைக்கு ஓடு வேய்வது. ஒடெஸ்ஸா நகரத்தில் கட்டட வேலைப் பள்ளிக்கூடத்தில் படித்து, ஓடு வேயும் தொழிலாளி என்று பட்டம் வாங்கி வெளியே வந்த பையன் அவர்.

1966-ம் வருஷம் ஜனவரி 14. நம் ஊரில் பொங்கல் நாள். அன்று மாஸ்கோ ஆஸ்பத்திரி ஒன்றில், ஆபரேஷன் மேஜை மீது ஒருவர் செத்துப் போனார். வயது 59 முடிந்து இரண்டு நாள். அன்றைய தினம் வரை அவர் பெயர் உலகத்துக்குத் தெரியாது. ஜனவரி 16-ந் தேதி 'பிராவ்தா' பத்திரிகையில் படத்தோடு மரணச் செய்தி வந்தது. செர்கேய் பாவ்லொவிச் கொரொல்யோவ். அப்போதுதான் ஜனங்களுக்குப் புரிந்தது: ஸ்புட்னிக்கை அனுப்பியவர் இவர், யூரி ககாரினை அனுப்பியவர் இவர், சந்திரனின் மறுபக்கத்தை முதன்முதலாகப் படம் பிடித்த யந்திரத்தை 1959-ல் அனுப்பியவரும் இவர்.

அதுவரை பத்திரிகைகள் அவரை எப்படிக் குறிப்பிட்டன? 'பிரதம டிசைனர்' என்று. அவ்வளவுதான். ஊர் இல்லை, பெயர் இல்லை, முகம் இல்லை. அவரே 'பிராவ்தா'வில் விண்வெளியைப் பற்றி எழுதியபோது 'பேராசிரியர் கே. செர்கேயெவ்' என்று புனைபெயர் போட்டுத்தான் எழுதினார். ராணுவ ரகசியம் என்றார்கள். எதிரி நாட்டு உளவாளிகள் அவரைக் கொன்றுவிடக்கூடும் என்றார்கள். அதற்குக் காரணம் இருந்திருக்கலாம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். பெயர் பறிபோனது அவருக்கு அது முதல் தடவை அல்ல. அந்தக் கதையைத்தான் சொல்ல வந்தேன்.

உக்ரைன் நாட்டில் ழித்தோமிர் என்ற ஊரில் 1907 ஜனவரி 12-ல் பிறந்தார். தகப்பனார் பாவெல், பள்ளிக்கூட வாத்தியார். பையனுக்கு மூன்று வயதாகும்போது தாயும் தகப்பனும் பிரிந்துவிட்டார்கள். தகப்பன் செத்துவிட்டான் என்று பையனிடம் சொல்லி வளர்த்தார்கள். உண்மையில் அவர் 1929 வரை உயிரோடு இருந்தார். ருஷ்யர்களின் பெயரில் நடுவிலே வருவது தகப்பன் பெயர். நாம் தகப்பன் பெயரை இனிஷியலாகப் போடுகிறோமே, அதைப் போல. பாவ்லொவிச் என்றால் பாவெலின் மகன். முகமே ஞாபகமில்லாத தகப்பனின் பெயரை வாழ்நாள் முழுவதும் நடுவிலே சுமந்தார் இந்த மனிதர்.

தாத்தா பாட்டி வீட்டில், நேழின் என்ற சிற்றூரில், ஒற்றைப் பிள்ளையாக வளர்ந்தார். பிற்பாடு தாய் மறுமணம் செய்துகொண்டார். மாற்றாந் தகப்பனார் பலானின் ஓர் இஞ்சினியர், நல்லவர். அவர் வேலை ஒடெஸ்ஸா துறைமுகத்தில். உள்நாட்டு யுத்தம், பஞ்சம், பள்ளிக்கூடங்கள் மூடிக் கிடந்த காலம். துறைமுகத்தில் தண்ணீரிலிருந்து கிளம்பும் விமானங்கள் நின்றன. பையன் அவற்றையே சுற்றிச் சுற்றி வந்தான். மெக்கானிக்குகளுக்குச் சாவி எடுத்துக் கொடுத்து, கையில் எண்ணெய் பூசி, வேலை பழகிக்கொண்டான். உங்களில் எத்தனை பேர் பிட்டர் வேலையை அப்படிப் பழகியிருப்பீர்கள்! பதினேழாம் வயதில், இஞ்சின் இல்லாமல் காற்றிலே மிதக்கும் விமானம் ஒன்றுக்குப் படம் வரைந்து முடித்தான். அப்புறம் கீவ் நகரில் படிப்பு, அதற்கப்புறம் மாஸ்கோவில். பகலில் விமானத் தொழிற்சாலை, மாலையில் கல்லூரி. அங்கே அவருடைய கடைசிப் பரீட்சை வேலைக்கு வழிகாட்டியவர் துப்பொலெவ். சோவியத் விமானங்களின் தந்தை. இந்தத் துப்பொலெவை நாம் மறுபடியும் சந்திப்போம், வேறோர் இடத்தில்.

1931-ல் மாஸ்கோவில் ஒரு வீட்டின் நிலவறையில் ராக்கெட் பைத்தியம் பிடித்த கொஞ்சம் பேர் கூடினார்கள். 'கிர்த்' என்று பெயர். ராக்கெட் இயக்கத்தை ஆராயும் குழு என்பதன் சுருக்கம். பலருக்குச் சம்பளம் கிடையாது. ஆகவே 'இனாமாக உழைக்கும் இஞ்சினியர் கூட்டம்' என்று அந்த எழுத்துக்களுக்குத் தாங்களே வேறு பொருள் சொல்லிச் சிரித்துக்கொள்வார்கள். பற்றவைக்க வெள்ளி கிடைக்காதபோது வீட்டிலிருந்து வெள்ளிக் கரண்டிகளைக் கொண்டுவந்து உருக்கினார்கள் என்றும் சொல்வார்கள். அவர்களில் மூத்தவர் த்ஸான்டர். செவ்வாய்க் கிரகத்துக்குப் போக வேண்டும் என்பதே அவர் மூச்சு. தம் மகளுக்கு நட்சத்திரம் என்று பொருள்படும்படி 'ஆஸ்ட்ரா' என்று பெயர் வைத்தார், மகனுக்கு 'மெர்க்குரி', அதாவது புதன் கிரகம். 1933 மார்ச் மாதம் விஷக் காய்ச்சலில் இறந்துபோனார். கிர்த் குழுவின் ராக்கெட் ஒன்றுகூடக் கிளம்புவதை அவர் பார்க்கவில்லை.

அதே வருஷம் ஆகஸ்டு 17-ல், மாஸ்கோவுக்கு வெளியே நகாபினோ என்ற இடத்தில், கொரொல்யோவ் தலைமையில் அவர்களுடைய முதல் ராக்கெட் கிளம்பிற்று. எடை 19 கிலோ. மேலே போனது 400 மீட்டர். பறந்தது 18 விநாடி. நம் ஊர்த் திருவிழாவில் வாணம் விடுகிறவன் இதைப் பார்த்துச் சிரித்திருப்பான். ஆனால் வாணத்தில் இருப்பது கெட்டியான மருந்து. பற்றவைத்தால் எரிந்து தீரும், நடுவிலே அடக்க முடியாது. இவர்களோ காற்றையே குளிரவைத்துத் திரவமாக்கிய ஆக்ஸிஜனை, பூஜ்யத்துக்குக் கீழே 183 டிகிரி குளிரில், ஒரு சின்னக் குழாய்க்குள் அடைத்து அதை எரியவிட்டார்கள். அந்தக் குளிரில் சாதாரண ரப்பர் கண்ணாடி போல உடையும். அந்தக் குளிருக்குப் பக்கத்திலேயே இரும்பை உருக்கும் நெருப்பு. இரண்டையும் ஒரே யந்திரத்தில் கட்டி வைப்பதுதான் அவர்கள் கற்றுக்கொண்ட தொழில்.

1931-லேயே ஒடெஸ்ஸாவில் கூடப் படித்த க்ஸேனியா வின்சென்தீனியைக் கல்யாணம் செய்துகொண்டார். அவர் எலும்பு முறிவு வைத்தியம் பார்க்கும் டாக்டர். 1935 ஏப்ரலில் ஒரு பெண் குழந்தை. நதால்யா என்று பெயர். வீட்டில் நதாஷா.

தோழர்களே, இனிமேல் சொல்லப் போவது கசப்பான விஷயம். ராக்கெட்டைப் பற்றிப் பேசுகிறவர்களில் பலர் 1933-லிருந்து ஒரே தாவலாக 1957-க்குப் போய்விடுவார்கள். நடுவில் இருக்கும் வருஷங்களைத் தாண்டுவது சுலபம். நான் தாண்டப் போவதில்லை.

1938 ஜூன் 27-ந் தேதி இரவு போலீஸ் வந்து கொரொல்யோவைப் பிடித்துக்கொண்டு போயிற்று. எந்தப் போலீஸ்? ஜார் சக்கரவர்த்தியின் போலீஸா? அந்தப் போலீஸ் ஒழிந்து இருபது வருஷம் ஆகிவிட்டது. ஹிட்லரின் ஆட்களா? அவர்கள் வந்தது 1941-ல். தொழிலாளி வர்க்கத்தின் பெயரால் நடந்த சர்க்காரின் போலீஸ். என்ன குற்றம்? நாசவேலை, எதிர்ப்புரட்சிச் சதி. ராக்கெட் நிலையத்தின் தலைவர் க்ளெய்மேனவும், துணைத் தலைவர் லாங்கெமாக்கும் அதற்கு முன்பே, அதே வருஷம் ஜனவரியில், சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார்கள். யார் அந்த லாங்கெமாக்? பின்னால் ஹிட்லரின் படைகளை நடுங்க வைத்த 'கத்யூஷா' ராக்கெட் குண்டுகளுக்கு அடித்தளம் போட்டவர்களில் ஒருவர். இஞ்சின் நிபுணர் க்ளுஷ்கோவும் சிறையில். அடித்து உதைத்து ஒருவர் வாயிலிருந்து இன்னொருவர் பெயரைப் பிடுங்கினார்கள். அப்படித்தான் கொரொல்யோவின் பெயரும் வந்தது. விசாரணையில் தண்ணீர்க் கூஜாவால் முகத்தில் அடித்தார்கள், தாடை எலும்பு உடைந்தது என்று மகள் பின்னாளில் எழுதியிருக்கிறார். இந்தத் தாடையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

செப்டம்பர் 27-ல் கோர்ட்டு. சில நிமிஷம் நடந்த கோர்ட்டு. பத்து வருஷம்.

அவரை அனுப்பிய இடம் கோலிமா. சைபீரியாவுக்கும் அப்பால், குளிர்காலத்தில் ஐம்பது டிகிரி உறையும் பூமி. மல்த்யாக் என்ற தங்கச் சுரங்கம். ராக்கெட் இஞ்சினியர் அங்கே மண்வெட்டி பிடித்தார், தள்ளுவண்டி தள்ளினார். காய்கறி இல்லாத சாப்பாட்டினால் ஈறு வீங்கிப் பற்கள் விழும் நோய் வந்தது. படுத்த படுக்கையாகிவிட்டார். மாஸ்கோ விமானத் தொழிற்சாலை ஒன்றின் முன்னாள் டைரக்டர் உஸச்சேவ் என்பவரும் அங்கே கைதி. அவர் தலையிட்டுச் சோறும் ஓய்வும் கிடைக்கச் செய்திராவிட்டால் கொரொல்யோவ் பிழைத்திருக்க மாட்டார் என்று சொல்வார்கள்.

மாஸ்கோவில் அவர் தாயார் மரியா நிக்கொலாயெவ்னா சும்மா இருக்கவில்லை. ஸ்டாலினுக்கு எழுதினார், அதிகாரிகளுக்கு எழுதினார், படி ஏறி இறங்கினார். கடைசியில் இரண்டு பெரிய விமானிகளிடம் போய் நின்றார். ஒருவர் குரோமவ், 1937-ல் வடதுருவத்தின் மேலாக மாஸ்கோவிலிருந்து அமெரிக்காவுக்குப் பறந்தவர். மற்றவர் கிரிஸதூபவா, விமானம் ஓட்டிய பெண்களில் தலைசிறந்தவர். 'ஜன விரோதி' என்று முத்திரை குத்தப்பட்ட ஒருவனுக்காகச் சிபாரிசு செய்வது அன்றைக்கு விளையாட்டல்ல. இருவரும் செய்தார்கள். 1939 ஜூனில் சுப்ரீம் கோர்ட்டு தண்டனையை ரத்து செய்து மறு விசாரணைக்கு உத்தரவிட்டது. ஆனால் காகிதம் நடக்கும் வேகம் உங்களுக்குத் தெரியுமே! மனிதர் அதற்குள் கோலிமா பாதையில் போய்க்கொண்டிருந்தார். வருஷக் கடைசியில்தான் திரும்பிப் போகச் சொன்னார்கள். மகதான் துறைமுகத்துக்கு வந்து சேரும்போது அந்தப் பருவத்தின் கப்பல் போய்விட்டிருந்தது. 'இந்திகீர்க்கா' என்ற அந்தக் கப்பல் டிசம்பரில் ஜப்பான் கரையோரம் பாறையில் மோதிக் கவிழ்ந்தது. எழுநூறு பேருக்கு மேல் செத்தார்கள். கைதிகளும், பருவ வேலை முடிந்து வீடு திரும்பிய மீன்பிடித் தொழிலாளரும், அவர்கள் பெண்டு பிள்ளைகளும். கொரொல்யோவ் அதில் ஏறாமல் தப்பியது தாமதத்தினால்.

1940-ல் மாஸ்கோவில் மறு தீர்ப்பு. விடுதலை அல்ல, எட்டு வருஷம். ஆனால் இந்தத் தடவை சுரங்கத்துக்கு அனுப்பவில்லை. விமானங்களுக்குப் படம் வரையும் ஒரு சிறைக்கூடத்துக்கு அனுப்பினார்கள். ஜன்னலுக்குக் கம்பி, வாசலில் காவல், மேஜையில் வரைபடத் தாள். அந்தக் கைதிகளுக்குத் தலைமை இஞ்சினியர் யார்? அவரும் கைதி. துப்பொலெவ்!

அந்தக் காலத்தில்தான் தாயார் க்ஸேனியா ஐந்து வயது நதாஷாவை அழைத்துக்கொண்டு, சிறையில் அவரைப் பார்க்கப் போனார். குழந்தைக்கு எப்படிச் சொல்வது? அப்பா விமானி, தூர தேசத்தில் முக்கியமான வேலை, அதனால்தான் வீட்டுக்கு வருவதில்லை என்று சொல்லி வைத்திருந்தார்கள். இன்று அப்பா உன்னைப் பார்க்க விமானத்தில் பறந்து வந்திருக்கிறார் என்றார்கள். குழந்தை புத்திசாலி. சிறையின் முற்றத்தைச் சுற்றிப் பார்த்தாள். உயரமான சுவர்கள், குறுகலான இடம். இத்தனை சின்ன முற்றத்தில் விமானத்தை எப்படி இறக்கினீர்கள் என்று தகப்பனைக் கேட்டாள். அவர் என்ன சொல்வார்! பக்கத்தில் நின்ற காவல்காரன் பதில் சொன்னானாம்: இங்கே வந்து இறங்குவது சுலபம் பாப்பா, திரும்பிக் கிளம்புவதுதான் கஷ்டம் என்று. ருஷ்ய மொழியில் விமானம் இறங்குவதற்கும் மனிதன் ஜெயிலுக்குப் போவதற்கும் ஒரே சொல்தான். அந்தக் காவல்காரன் கெட்டவனாக எனக்குத் தோன்றவில்லை. நதாஷா வயதான பிறகும் இதை மறக்காமல் சொல்லி வந்தார்.

தகப்பனில்லாமல் வளர்வது என்றால் என்ன என்று கொரொல்யோவுக்குத் தெரியும். அவர் தம் தகப்பனை இழந்தது மூன்றாம் வயதில். நதாஷா அவரை இழந்ததும் மூன்றாம் வயதில். அவருக்குச் சொன்னதும் பொய், அவர் மகளுக்குச் சொன்னதும் பொய். சிறையிலிருந்து எழுதிய கடிதங்களில் மகளைப் பற்றி விசாரித்துக்கொண்டே இருந்தார். 1944 ஜூலையில்தான் விட்டார்கள். அப்போது நதாஷாவுக்கு ஒன்பது வயது. ஆறு வருஷம் போயிற்று. விடுதலை என்றால், குற்றமற்றவர் என்று சொல்லி அல்ல. தண்டனையை நீக்கினோம், அவ்வளவே. குற்றமே செய்யாதவர் என்று அரசாங்கம் எழுத்திலே ஒப்புக்கொண்டது 1957 ஏப்ரலில். ஸ்புட்னிக் பறப்பதற்கு ஆறு மாதம் முன்பு!

யுத்தம் முடிந்ததும் ஜெர்மனியில் நாஜிகள் விட்டுப்போன ராக்கெட்டுகளை ஆராய அவரை அனுப்பினார்கள். 1946 கோடையில் மனைவியும் மகளும் அங்கே வந்து அவரோடு இருந்தார்கள். அந்த நாஜி ராக்கெட்டுகளைப் பற்றி ஒரு வார்த்தை: அவற்றை மலைக்குகைக்குள் கட்டியவர்கள் கைதிகள். பட்டினியாலும் அடியாலும் ஆயிரக்கணக்கில் செத்தார்கள். அந்த ராக்கெட்டை வடிவமைத்த வெர்னர் பான் பிரவுன் பிற்பாடு அமெரிக்காவில் கொண்டாடப்பட்டார், படம் போட்டு, பெயர் போட்டு.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லத்தான் வேண்டும். கொரொல்யோவ் மகாத்மா அல்ல. சிறையிலும் காத்திருந்த மனைவியோடு அவர் வாழ்க்கை யுத்தத்துக்குப் பிறகு முறிந்தது. வேறொரு பெண்ணை மணந்துகொண்டார். பன்னிரண்டு பதிமூன்று வயது நதாஷா தாயின் பக்கம் நின்றாள். தகப்பனாரின் புது வீட்டுக்குப் பல காலம் போகவில்லை. யாரைக் குறை சொல்வது? ஆறு வருஷத்தை அந்தக் குடும்பத்திடமிருந்து திருடாமல் இருந்தால் முறிந்திருக்குமா, முறிந்திருக்காதா, யாரால் சொல்ல முடியும்? கடலில் கப்பல் விட்டுப் போன மாதிரி அல்ல இது. பெண்ணின் மனம். அவர் ஏங்கினார். மகளும் ஏங்கினாள். தாயைப் போல அவளும் டாக்டருக்குப் படித்தாள், நெஞ்சறை ஆபரேஷன் செய்யும் நிபுணரானாள். தன் தகப்பனார் என்ன வேலை செய்கிறார் என்று வெளியே மூச்சு விட முடியாது.

என்ன வேலை செய்தார்? 'ஆர்-7' என்ற ராக்கெட்டைக் கட்டினார். அதைக் கட்டச் சொன்னதே ஹைட்ரஜன் குண்டைச் சுமக்கத்தான், இதில் ஒளிவு மறைவு வேண்டாம். ஆனால் குண்டைச் சுமக்கும் வண்டி ஆகாயத்துக்கு மனிதனையும் சுமக்கும் என்பது அவர் நெஞ்சுக்குள் முதலிலிருந்தே இருந்த கணக்கு. ஏறத்தாழ 270 டன் எடை. அதில் பத்தில் ஒன்பது பங்கு மண்ணெண்ணெயும் திரவ ஆக்ஸிஜனும். பாய்லரில் வேலை செய்யும் தோழர்களுக்கு இது புரியும்: பெரிய அறையில் நெருப்பு சீராக எரியாமல் குதித்தால் யந்திரமே சிதறிவிடும். ஆகவே க்ளுஷ்கோ ஒவ்வோர் இஞ்சினையும் நான்கு சிறிய அடுப்புகளாகப் பிரித்தார். ஐந்து இஞ்சின், இருபது அடுப்பு, எல்லாம் ஒரே நேரத்தில் மூள வேண்டும்.

லேசில் மூளவில்லை. 1957 மே 15-ல் முதல் தடவை விட்டார்கள்; எண்ணெய் கசிந்து தீப்பற்றி வழியிலேயே விழுந்தது. ஜூனில் திரும்பத் திரும்ப முயன்றும் தரையை விட்டே கிளம்பவில்லை. பிரித்துப் பார்த்தால் ஒரு வால்வைத் தலைகீழாகப் பொருத்தியிருந்தார்கள். ஜூலை 12-ல் 33-வது விநாடியில் சுழன்று சிதறிற்று. மேலிடத்தில் முணுமுணுப்பு. ஒரு காலத்தில் 'நாசவேலைக்காரன்' என்று முத்திரை வாங்கிய மனிதனுக்கு, தோற்றுப்போன ஒவ்வொரு ராக்கெட்டும் எப்படி இருந்திருக்கும்! கோபக்காரர் அவர். வேலையில் தப்பு செய்கிறவனைப் பார்த்து, வேலை போயிற்று, தண்டவாளக் கட்டைகளை எண்ணிக்கொண்டே நடந்து மாஸ்கோவுக்குப் போ என்று கத்துவார். மறுநாள் அதே ஆள் அதே இடத்தில் வேலை செய்துகொண்டிருப்பான். நம் மேஸ்திரிகளில் இப்படி ஒருவரை எல்லோருக்கும் தெரியும். ஆகஸ்டு 21-ல் ராக்கெட் முழுத் தூரமும் பறந்தது.

அதே ராக்கெட்டின் தலையில் அக்டோபர் 4-ல் ஒரு பந்தை வைத்து அனுப்பினார்கள். 58 சென்டிமீட்டர் குறுக்களவு. 83.6 கிலோ. பெரிய விண்கோள் ஒன்று முதலில் திட்டமாக இருந்தது. அது தாமதமாகவே, சின்னதாக, எளிதாக ஒன்று செய்வோம் என்று தீர்மானித்தார் கொரொல்யோவ். பந்தைக் கண்ணாடி போலப் பளபளப்பாக இழைக்க வேண்டும் என்று பட்டறைத் தொழிலாளரை விரட்டினார். அழகுக்காக மட்டுமல்ல, சூரிய வெப்பத்தைத் திருப்பி அடிக்க. 96 நிமிஷத்துக்கு ஒரு தடவை பூமியைச் சுற்றி, பீப் பீப் என்று மூன்று வாரம் கூவிற்று அந்தப் பந்து. உலகமே வானொலிப் பெட்டியில் காதை வைத்துக் கேட்டது.

1961 ஏப்ரல் 12. ககாரின். தச்சன் மகன், கூட்டுப்பண்ணையில் மாடு கறந்த தாயின் மகன், தானும் இரும்பு வார்ப்படத் தொழில் கற்றவன். 108 நிமிஷத்தில் பூமியைச் சுற்றி இறங்கினான். கொரொல்யோவ் அந்த விண்வெளி வாலிபர்களை 'என் கழுகுக் குஞ்சுகள்' என்று அழைப்பார். பெற்ற பெண் தூரத்தில் இருந்தாள், இந்தப் பிள்ளைகள் பக்கத்தில் இருந்தார்கள். மாஸ்கோ வீதியில் ககாரினுக்குப் பூமாரி பொழிந்தபோது, பிரதம டிசைனர் மார்பில் ஒரு பதக்கமும் இல்லாமல் கூட்டத்தோடு கூட்டமாக இருந்தார்.

அவருடைய குணத்துக்கு ஒரு சம்பவம் போதும். சந்திரனில் யந்திரத்தை மெல்ல இறக்க வேண்டும். அங்கே தரை எப்படி? மீட்டர் கணக்கில் புழுதி, யந்திரம் புதைந்துவிடும் என்று சில நிபுணர்கள். இல்லை, கெட்டித் தரை என்று வேறு சிலர். வாதம் முடிகிற வழியாக இல்லை. கொரொல்யோவ் ஒரு தாளை எடுத்து, சந்திரனின் தரை கெட்டியானது என்று வைத்துக்கொண்டு வேலை செய்யவும் என எழுதி, தேதி போட்டுக் கையெழுத்திட்டார். புதைந்தால் பொறுப்பு என்னுடையது என்று பொருள். 1966 பிப்ரவரி 3-ல் 'லூனா-9' இறங்கிற்று. புதையவில்லை. ஆனால் அவர் செத்து அன்றைக்கு இருபது நாள்.

எப்படிச் செத்தார்? சுகாதார மந்திரி பெத்ரோவ்ஸ்கியே கத்தி பிடித்தார். சின்ன ஆபரேஷன் என்று தொடங்கினார்கள். உள்ளே பெரிய கட்டி இருந்தது. நேரம் நீண்டது. மூச்சுக் குழாய்க்குள் ரப்பர்க் குழாய் செலுத்த வேண்டும். வாய் போதுமான அளவு திறக்கவில்லை. ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்னேனே, அந்தத் தாடை! 1938-ல் விசாரணை அறையில் உடைந்த தாடை, சரியாகக் கூடாத தாடை. இருதயம் நின்றுவிட்டது. இறப்பதற்குச் சில நாள் முன்புதான், ஒரு ராத்திரி, ககாரினையும் லெயோனவையும் உட்கார வைத்து, கைதானது, கோலிமா எல்லாவற்றையும் முதன்முதலாகச் சொன்னாராம். சாம்பலைக் கிரெம்ளின் சுவரில் வைத்தார்கள். முழுப் பெயரோடு.

தோழர்களே, சிலர் கேட்பார்கள்: இதைச் சொன்னால் எதிரிகளுக்குத் தீனி போட்டதாகாதா என்று. எதிரிகளுக்கு இந்தக் கதை நம்மை விட நன்றாகத் தெரியும். தெரியாமல் இருப்பது நம் பிள்ளைகளுக்குத்தான். ஸ்புட்னிக்கை உண்டாக்கியது எழுதப் படிக்கத் தெரியாத ஒரு தேசத்தைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிய புரட்சி. ஓடு வேய்ந்த பையனை இஞ்சினியராக்கியதும் அதுவே. அவன் தாடையை உடைத்தவர்களும் அதன் பெயரையே சொல்லிக்கொண்டார்கள். ஒன்றைச் சொல்லி மற்றதை விழுங்கினால் முதலில் சொன்னதையும் ஜனங்கள் நம்ப மாட்டார்கள்.

அந்தச் சோவியத் நாடு 1991-ல் கலைந்துவிட்டது. கொரொல்யோவின் ராக்கெட் கலையவில்லை. நம் ராகேஷ் சர்மா 1984 ஏப்ரலில் ஆகாயத்துக்குப் போனது அந்த ஆர்-7 வம்சத்து ராக்கெட்டில்தான். ககாரின் கிளம்பிய மேடையிலிருந்து 2019 வரை மனிதர்கள் போய்க்கொண்டிருந்தார்கள்.

நதாஷா? பேராசிரியர் நதால்யா செர்கேயெவ்னா கொரொல்யோவா. செர்கேயெவ்னா, அதாவது செர்கேயின் மகள். தகப்பனின் தாடைக்கு என்ன நேர்ந்தது என்று, ஆபரேஷன் அறையைத் தெரிந்த டாக்டராக, வேறு யாரையும் விட நன்றாக அவருக்குப் புரிந்தது. தகப்பனாரின் இரண்டாவது மனைவியோடும் பிற்பாடு சமாதானமாகிவிட்டார். தஸ்தாவேஜுகள் திறந்தபோது போய், 1938-ம் வருஷத்து வழக்குக் கட்டைக் கேட்டு வாங்கிப் பக்கம் பக்கமாகப் படித்தார். கோலிமாவுக்குப் போய், மல்த்யாக் சுரங்கம் இருந்த இடத்தையும் பார்த்தார். கடிதங்கள், படங்கள், கூட வேலை செய்தவர்கள் சொன்னவை எல்லாவற்றையும் வருஷக் கணக்கில் சேர்த்து மூன்று தொகுதிகளாக எழுதினார். அந்தப் புத்தகத்தின் தலைப்பு 'தந்தை'.